பாய்லர் சொட்டிய தண்ணீரை அளந்த கதை

நேற்று சாயங்காலம் 6 மணிக்குக் கொல்லைப்புற வடிகால் ஜாலியை எடுத்துவிட்டு, வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரிலிருந்து வரும் வடிகால் பைப்பின் வாய்க்குக் கீழே காலி பால் கேன் ஒன்றை வைத்தேன். 7 மணிக்கு எடுத்து சமையலறை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தால் 510 மில்லி. அந்த ஒரு மணி நேரத்தில் கேஸ் மீட்டர் 0.71 கன மீட்டர் ஓடியிருந்தது. போன வருஷம் பிப்ரவரியில் இதே கேனை இதே இடத்தில் வைத்தபோது கிடைத்தது 80 மில்லி. கேஸ் 0.9 கன மீட்டர். இந்தத் தண்ணீர் கூடக் கூட, கேஸின் சூடு புகையோடு வீணாகாமல் வீட்டுக்கு வருகிறது என்று அர்த்தம். 80 மில்லி 510 ஆவதற்கு எனக்குப் பதின்மூன்று மாதம் பிடித்தது. நடுவில் செய்த தப்புகளையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். பிரிட்டனில் வீடு வாங்கி, சுவரில் ஏற்கெனவே மாட்டியிருந்த பாய்லரோடு குடித்தனம் நடத்தும் நம் ஆட்களுக்கு இது நேராகப் பயன்படும்.

வீடு லண்டனின் மேற்கு ஓரத்தில், ஹாரோ பக்கம். 1930களில் கட்டியது, மூன்று படுக்கையறை, எட்டு ரேடியேட்டர் (பாய்லரின் சுடுதண்ணீர் உள்ளே ஓடி அறையைச் சூடாக்கும் இரும்புத் தகடு). பாய்லர் காம்பி வகை. அதாவது தனித் தொட்டி கிடையாது; குழாயைத் திறந்தால் அந்தக் கணமே தண்ணீரைச் சூடாக்கித் தரும், மற்ற நேரம் ரேடியேட்டருக்கு ஓடும். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் 2014இல் மாட்டியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரலுக்கு அப்புறம் புதிதாக மாட்டும் கேஸ் பாய்லர் கண்டென்சிங் வகையாக (புகையில் உள்ள ஆவியைத் தண்ணீராக்கி அந்தச் சூட்டையும் எடுத்துக்கொள்வது) இருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டதால் இதுவும் அந்த வகைதான். பெட்டியில் 'ஏ' தர ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஸ்டிக்கர் இருக்கிறதே, எல்லாம் சரியாகத்தான் ஓடுகிறது என்று நாலு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

கதை தொடங்கியது 2022 டிசம்பர் 12, திங்கட்கிழமை காலை. முந்தின ராத்திரி லண்டனில் பனி கொட்டியிருந்தது. ஐந்தரைக்கு எழுந்தால் வீடு சில்லென்று கிடக்கிறது. பாய்லர் திரையில் ஒரு பிழை எண். ரீசெட் அழுத்தினால் உள்ளே களக் களக் என்று, தொண்டையில் தண்ணீர் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம்; பத்து விநாடியில் மறுபடி நின்றுவிடும். மூன்று தடவை அப்படியே. பக்கத்து வீட்டு அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருஷமாக இந்தத் தெருவில் இருப்பவர். வேலி வழியாக எட்டிப் பார்த்தவர் உடனே சொல்லிவிட்டார்: “தம்பி, அந்த வெள்ளைப் பைப் உறைஞ்சு போச்சுது. இளஞ்சூட்டுத் தண்ணி ஊத்தும். கொதிதண்ணி ஊத்தாதையும், பைப் வெடிச்சிடும்.”

ஒரு ஜக் வெதுவெதுப்பான தண்ணீரைப் பைப்பின் வளைவுகளில் மெதுவாக ஊற்றினேன். நாலாவது ஜக்கில் உள்ளேயிருந்து சுண்டுவிரல் தடிமனில் ஒரு பனிக்கட்டித் துண்டு வழுக்கி வந்து விழுந்தது. அதன் பின்னாலேயே அரை லிட்டர் தண்ணீர். ரீசெட் அழுத்தியதும் பாய்லர் பிடித்துக்கொண்டது. வழிந்த தண்ணீர் தரையில் உறைந்து வழுக்கும் என்பதால் அந்த இடத்தில் உப்பும் தூவி வைத்தேன்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். இட்லிப் பானை மூடியைத் திறந்தால் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்குமே, அதே சங்கதி. கேஸ் எரியும்போது நீராவி உண்டாகிறது. ஒரு கன மீட்டர் கேஸுக்குச் சுமார் 1.6 கிலோ தண்ணீர். பழைய பாய்லரில் அது புகையோடு வெளியே போய்விடும். கண்டென்சிங் பாய்லரில் ரேடியேட்டரைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் தண்ணீர் அந்தப் புகையைக் குளிர வைக்கிறது. நீராவி தண்ணீராகும்போது விடுகிற சூட்டையும் வீடு வாங்கிக்கொள்கிறது. ஆவி கையில் பட்டால் சுடுதண்ணீர் பட்டதைவிட மோசமாகப் பொத்துப்போகும் இல்லையா, அந்தச் சூடுதான் இது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் ஆவி ஆவியாகவே போய்விடும், வடிகாலில் அதிகம் சொட்டாது. எங்கள் பாய்லர் 75இல் வைத்திருந்தது. அந்தக் கணக்கை நான் அப்போது போட்டுப் பார்க்கவில்லை. பைப் உறையக் கூடாது என்பது மட்டுமே அன்றைய கவலை.

முதல் தப்பு அங்கே. கடையில் கிடைத்த சாம்பல் நிற நுரை உறையை வாங்கி, பழைய பைப்பின் மேல் மாட்டி, கறுப்பு டேப் சுற்றினேன். செலவு 6 பவுண்ட். அது வீட்டுக்குள் பரண், தரையடி பைப்புகளுக்கான உறை. இரண்டு மழைக்கு அப்புறம் பிழிந்தால் தண்ணீர் வந்தது. ஜனவரி மூன்றாம் வாரத்தில் மறுபடி உறைபனி இறங்கியபோது ஈர நுரைக்குள்ளேயே பைப் உறைந்தது. இந்தத் தடவை வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றவே முடியவில்லை. முதலில் கத்தியால் டேப்பை வெட்டி உறையை உரிக்க வேண்டியிருந்தது.

சரி, பைப்பையே மாற்றிவிடலாம் என்று அளவெடுத்தேன். வெளியே ஓடியது 21.5 மில்லிமீட்டர் பைப், 2.3 மீட்டர் நீளம், நடுவில் தேவையில்லாமல் இரண்டு முழங்கை வளைவு. ரசமட்டத்தை வைத்தால் குமிழி நட்ட நடுவில் நிற்கிறது. சரிவே இல்லை. தண்ணீர் தேங்கி நின்றால் உறையாமல் என்ன செய்யும்? வெளியே போகும் பைப் குறைந்தது 32 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், மீட்டருக்கு 45 மில்லிமீட்டர் சரிவு வேண்டும், வெளிநீளம் 3 மீட்டருக்குள் அடங்க வேண்டும், வெயில் மழை தாங்கும் உறை வேண்டும். இதெல்லாம் பாய்லரோடு வந்த கையேட்டிலேயே இருந்தது. பாய்லரை மாட்டியவர் ஏன் அப்படி விட்டார் என்று தெரியவில்லை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேஸ் வேலை செய்ய கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்பவர்களுக்கான பிரிட்டனின் அதிகாரபூர்வப் பதிவேடு) பதிவு உள்ளவர் வேண்டும். பாய்லரின் மூடியை நான் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. நான் தொட்டது வடிகால் பைப், ரேடியேட்டர், திரையில் வீட்டுக்காரருக்கென்று விட்டிருக்கும் அமைப்புகள் மட்டும். பைப்பை மாற்றியதும் வருடாந்தர சர்வீஸுக்கு வந்தவரிடம் முழுக்கக் காட்டி, சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டேன். கார்பன் மோனாக்சைடு அலாரமும் சமையலறையில் இருக்கிறது.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை வேலை. பைப் சுவருக்குள் நுழையும் முன்பே, உள்பக்கத்திலேயே 32க்கு மாற வேண்டும். வெளியே போய்ப் பெரிதாக்கினால் சுவர்த் துவாரத்துக்குள் இருக்கும் ஒல்லிப் பகுதி உறையும். அதனால் சுவர்த் துவாரத்தைப் பெரிதாக்க நண்பரிடம் சுத்தியல் டிரில் கடன் வாங்கினேன். இரட்டைச் செங்கல் சுவர், நாற்பது நிமிஷம், வாயெல்லாம் செம்மண் தூசி. துவாரத்தைத் துளைக்கும்போதே வெளிப்பக்கம் கொஞ்சம் தாழ்வாகப் பிடித்துக்கொண்டேன், சரிவு சுவருக்குள்ளேயே தொடங்கட்டும் என்று.

பழைய பைப் வளைந்து வளைந்து போனதை நேராக்கியதில் வெளிநீளம் 1.8 மீட்டராகக் குறைந்தது. கணக்குப்படி 81 மில்லிமீட்டர் இறக்கம். சுவரில் சாக்பீஸால் இரண்டு புள்ளி வைத்து நூல் கட்டினேன். ஆனால் கிளிப்புகளை நூலின் மேல் பக்கம் இரண்டு, கீழ்ப் பக்கம் ஒன்று என்று மாற்றி அடித்துவிட்டேன். பசை போட்டு ஒட்டிய பிறகு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் நடுவில் தொங்கிய இடத்தில் கால் செம்பு நின்றுவிட்டது. ஒட்டியதைப் பிரிக்க முடியாது. ஆக்சா பிளேடால் அறுத்து, ஒரு இணைப்பு கூடுதலாகப் போட்டு, மூன்று கிளிப்பையும் ஒரே பக்கம் அடித்துச் சரிசெய்தேன். அடுத்த தடவை பசை போடுவதற்கு முன்னால், எல்லாவற்றையும் சும்மா பொருத்தி வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பேன். பைப்பின் நுனியை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டினேன். அப்போதுதான் சொட்டு நுனியில் திரண்டு நின்று உறையாமல் விழுந்துவிடும்.

பைப், இணைப்புகள், பசை, கிளிப், தடிமனான வெளிப்புற உறை எல்லாம் சேர்ந்து 41 பவுண்ட். செம்புப் பைப் ஒரு துண்டு வீட்டில் சும்மா கிடந்தது, அதைப் போடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நல்லவேளை போடவில்லை. இந்தத் தண்ணீர் புளிப்பு. பையனின் பள்ளிக் கிட்டில் இருந்த தாளைத் தொட்டுப் பார்த்தபோது பி.எச். 4 காட்டியது. உலோகத்தை அரித்துவிடும். பிளாஸ்டிக்தான் சரி.

பைப் மாற்றிய மறுநாள் அது ஒழுங்காக வடிகிறதா என்று பார்க்கத்தான் முதன்முதலாகப் பால் கேனை வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 80 மில்லி. அடைப்போ என்று பயந்து மறுபடி செம்புத் தண்ணீர் ஊற்றினேன், சர்ரென்று வந்துவிட்டது. பைப்பில் குறையில்லை. பாய்லர்தான் தண்ணீரே கொடுக்கவில்லை. 0.9 கன மீட்டர் கேஸுக்கு ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஆவி வந்திருக்க வேண்டும். மிச்சம் எல்லாம் புகைபோக்கி வழியாக, பக்கத்து வீட்டுச் சுவர் வரைக்கும் வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த வெண்புகையை நாலு வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அது காசு என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. 2022 அக்டோபரிலிருந்து அரசு உச்சவரம்பு வைத்த பிறகும் கேஸ் ஒரு யூனிட் (ஒரு கிலோவாட் மணி) அப்போது சராசரி 10.3 பென்ஸாக இருந்தது. எங்கள் ஜனவரி பில்லைப் பார்த்து மனைவி இரண்டு நாள் பேசவில்லை.

உடனே திரையில் ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டை 75இலிருந்து 50க்கு ஒரே அடியாக இறக்கினேன். இது இரண்டாவது பெரிய தப்பு. ராத்திரி பத்து மணிக்குக் கூடம் 18, எங்கள் அறை 17, பிள்ளைகள் அறை 15. சின்னவள் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு போர்வைக்குள் படுத்திருந்தாள். பார்க்கவே மனசு கேட்கவில்லை. அன்றிரவே 65க்கு ஏற்றிவிட்டேன். அந்தக் குளிர்காலம் அப்படியே போயிற்று.

என்ன நடந்தது என்றால், ரேடியேட்டரின் வாட் கணக்கு சராசரித் தண்ணீர்ச் சூடு 70, அறை 20 என்று, அதாவது 50 டிகிரி வித்தியாசத்தில் எழுதப்படுவது. வித்தியாசம் 30 ஆனால் ரேடியேட்டர் கொடுப்பது பாதிதான். பிள்ளைகள் அறையில் இருந்தது ஒற்றைத் தகடு. அதுவும் கீழ்ப்பாதி எப்போதும் சில்லென்று இருக்கும். மேலே காற்றுதான் நிற்கிறது என்று நினைத்து நான் வருஷா வருஷம் காற்றைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தேன். காற்று நின்றால் மேல்பகுதிதான் குளிரும். கீழ்ப்பகுதி குளிர்ந்தால் உள்ளே சேறு. இந்த ஒன்று தெரிந்திருந்தால் இரண்டு வருஷம் முன்னாலேயே அந்த அறையைச் சூடாக்கியிருக்கலாம்.

2023 ஜூலையில் அந்த ரேடியேட்டரைக் கழற்றினேன். இரண்டு பக்க வால்வையும் மூடி, கீழே அடுப்பு டிரேயும் பழைய துண்டுகளும் வைத்து, நட்டை மெதுவாகத் தளர்த்தினால் வந்தது மை மாதிரி தண்ணீர். கம்பளத்தில் ஒரு சொட்டு விழுந்த கறை இன்னும் போகவில்லை. டிரேக்குக் கீழே பிளாஸ்டிக் விரிக்காதது என் பிழை. தோட்டத்துக்குத் தூக்கிப்போய் ஹோஸ் பைப்பை விட்டேன். ஒரு காந்தத்தை அந்தச் சேற்றில் காட்டியதும் முள் முள்ளாக எழுந்து ஒட்டிக்கொண்டது. ரேடியேட்டரின் இரும்பே அரித்து அப்படி ஆகியிருக்கிறது. எத்தனை அலசினாலும் கறுப்பு நிற்காததால், அதே 600க்கு 1000 மில்லிமீட்டர் அளவில் இரட்டைத் தகடு ஒன்று வாங்கினேன், 72 பவுண்ட். அகலம் ஒன்றாக இருந்தாலும் தடிமன் கூடுவதால் வால்வு சுவரிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் முன்னால் வந்துவிட்டது. தரைப் பலகையைத் தூக்கிப் பைப்பைக் கொஞ்சம் முன்னால் இழுக்க வேண்டியிருந்தது. அரை நாள் அதிலேயே போயிற்று. கடைக்குப் போகும் முன் சுவரிலிருந்து வால்வு மையம் எவ்வளவு தூரம் என்று அளந்துகொண்டு போங்கள்.

செப்டம்பர் சர்வீஸுக்கு வந்தவர் நல்ல மனிதர். துருத்தடுப்பு மருந்தை ஊற்றி, காந்த வடிகட்டி ஒன்றையும் மாட்டிக் கொடுத்தார். கேட்டதன் பேரில் ரேடியேட்டருக்கான உச்சத் திறனை 24 கிலோவாட்டிலிருந்து 10க்குக் குறைத்தும் வைத்தார். அதுவரை பாய்லர் நாலு நிமிஷம் எரியும், அணையும், மறுபடி எரியும். எங்கள் வீட்டுக்கு அவ்வளவு திறன் வேண்டியதே இல்லை. குழாய்ச் சுடுதண்ணீருக்கு மட்டும் முழுத் திறன் அப்படியே இருக்கிறது. எல்லாம் சேர்த்து 230 பவுண்ட். மொத்தச் செலவில் பெரியது இதுதான்.

அக்டோபரில் ரேடியேட்டர்களுக்குள் தண்ணீரைச் சமமாகப் பங்கிடும் வேலை. என்னைக் கேட்டால் முழு வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. பாய்லருக்குப் பக்கத்தில் இருக்கும் ரேடியேட்டர் தண்ணீரை எல்லாம் இழுத்துக்கொண்டு, சூடு குறையாமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடும். கடைசி அறைக்கு மிச்சம்தான். திரும்பி வரும் தண்ணீர் சூடாக இருக்கும்வரை பாய்லர் சொட்டாது. பைப்பைக் கவ்வும் இரண்டு வெப்பமானி 18 பவுண்டுக்கு வாங்கினேன். ஒன்று தண்ணீர் நுழையும் பைப்பில், ஒன்று வெளியேறும் பைப்பில்.

முதல் மாலை முழுக்க வீண். ஒரு ரேடியேட்டரின் லாக்‌ஷீல்டு வால்வை (ரேடியேட்டருக்குள் எவ்வளவு தண்ணீர் ஓடலாம் என்று நிர்ணயிக்கும் திருகு) திருகிய இரண்டாவது நிமிஷமே அளவு பார்த்துவிட்டு அடுத்ததற்கு ஓடினேன். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெட்டது. பிறகுதான் தெரிந்தது, கூடத்துச் சுவரில் இருந்த தெர்மோஸ்டாட் நடுவில் பாய்லரை அணைத்துக்கொண்டிருந்தது என்று. மறுநாள் தெர்மோஸ்டாட்டை 25க்கு ஏற்றி, ரேடியேட்டரின் தானியங்கித் திருகுகளை எல்லாம் கழற்றி வைத்து, எட்டு லாக்‌ஷீல்டையும் முழுக்கத் திறந்து, எது முதலில் சுடுகிறது என்று வரிசை எழுதினேன். அப்புறம் அந்த வரிசைப்படியே ஒவ்வொன்றாக, ஒவ்வொரு திருகலுக்கும் கால் மணி நேரம் காத்திருந்து. நுழைவதற்கும் வெளியேறுவதற்கும் 12 டிகிரி வித்தியாசம் என்பதுதான் நான் வைத்துக்கொண்ட குறி. சமையலறை ரேடியேட்டர் கால் சுற்றுத் திறந்தாலே போதும் என்று நின்றது. மாடி வழியில் உள்ளது அரைச் சுற்று. பிள்ளைகள் அறை முழுக்கத் திறப்பு. மொத்தம் ஐந்து மணி நேரம். ஒவ்வொரு வால்வின் மூடிக்குள்ளும் எத்தனை சுற்று என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். இனி எப்போதாவது ரேடியேட்டரைக் கழற்றினால் பழைய நிலைக்கு வர அது போதும்.

அதன் பிறகு வாரத்துக்கு ஐந்து டிகிரி என்று இறக்கினேன். 65, 60, 55. ஐம்பத்தைந்தில் திரும்பும் தண்ணீர் 42, 43. பிள்ளைகள் அறை 19. 50க்கு இறக்கினால் உறைபனி நாளில் கூடம் எட்டவில்லை, அதனால் 55இலேயே நிறுத்திவிட்டேன். குழாய்ச் சுடுதண்ணீரைத் தனியாக 48இல் வைத்தேன். தொட்டி வைத்திருப்பவர்கள் இதைச் செய்யக் கூடாது. தேங்கி நிற்கும் தண்ணீரில் கிருமி வளரும், தொட்டி 60க்குக் குறையாமல் சுட வேண்டும். காலையில் ஆறரைக்குத் தொடங்கிய சூட்டை ஐந்தே காலுக்கு மாற்ற வேண்டியிருந்தது. மெதுவாகத்தான் ஏறும். முதல் வாரம் மனைவி ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்து, “இது வேலை செய்யுதா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வெப்பமானி 19.5 காட்டுவதைப் பார்த்த பிறகுதான் நம்பினாள். இப்போது அறைகளில் சூடு ஏறி இறங்காமல் ஒரே சீராக இருப்பது பிடித்திருக்கிறது என்கிறாள்.

செலவைக் கூட்டினால் 367 பவுண்ட். வரவை நாள்குளிர்க் கணக்கில் பார்த்தேன்: வெளியே சராசரி 15.5 டிகிரிக்கு எத்தனை கீழே போயிற்று என்று தினமும் கூட்டி, எரிந்த கேஸை அதால் வகுப்பது. இல்லாவிட்டால் எந்த வருஷம் குளிர் அதிகம் என்பதே கணக்கைக் கெடுத்துவிடும். 2023 ஜனவரியில் ஒரு டிகிரி நாளுக்கு 0.62 கன மீட்டர், 2024 ஜனவரியில் 0.55. நூற்றுக்குப் பதினொன்று குறைவு. ஒரு கன மீட்டர் சுமார் 11 யூனிட் என்பதால், ஜனவரி மாதத்துக்கு மட்டும் அந்த 10.3 பென்ஸ் விலையில் 25 பவுண்ட் மிச்சம். இதில் சமையல் கேஸும் குளியலும் சேர்ந்தே இருக்கிறது, வீட்டுப் பழக்கம் மாறவில்லை.

மறுபடி முதலிலிருந்து தொடங்குவதாக இருந்தால் வரிசையை மாற்றுவேன்: முதலில் பைப், அடுத்து ரேடியேட்டரின் கீழ்ப்பகுதியைத் தொட்டுப் பார்ப்பது, பிறகு பங்கீடு, கடைசியில்தான் சூட்டைக் குறைப்பது. வெப்பமானிகளை முதல் நாளே வாங்கியிருப்பேன். வரும் அக்டோபருக்குள் வடக்குச் சுவரில் வெளி வெப்பத்தை அளக்கும் உணரி ஒன்றை மாட்டித் தரும்படி சர்வீஸ்காரரிடம் கேட்டிருக்கிறேன். வெளியே 10 டிகிரி இருக்கும் நாளில் பாய்லர் தானாகவே 45க்கு இறங்கும். எங்கள் மாடலுக்கு அது பொருந்துமா என்று பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். பால் கேனைக் கழுவிக் கொல்லைக் கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.